சாப்பிடாத குட்டிப் பாம்பும் பினாங்குல இல்லாத குளிர்காலமும்

நகைக்கடைல தங்கம் நிறுக்குற மாதிரி ஒரு குட்டி டிஜிட்டல் தராசு, அதுமேல காலி மார்ஜரின் டப்பா, டப்பாக்குள்ள பாம்பு. நம்பர் ஆடாம நிக்கிற வரைக்கும் மூச்சப் பிடிச்சுகிட்டு பாத்துகிட்டே இருப்பேன். அக்டோபர் நடுவுல 9.2 கிராம் காட்டுச்சு, மூணு வாரம் கழிச்சு, தீபாவளி முறுக்கெல்லாம் தீர்ந்துபோன நேரத்துல, 8.6. அந்த மூணு வாரத்துல ஒரு புழுவக்கூட அது தொடல. அம்மாவுக்கு இது ரொம்ப சிம்பிளான விஷயம், "அந்தக் கருமத்த கொண்டுபோய் பாம்புக் கோயில்ல விட்டுட்டு வாடா"ன்னாங்க.

நான் இருக்குறது மலேசியாவுல பினாங்கு, பாம்புக் கோயில் எங்க வீட்லேர்ந்து கார்ல அரை மணி நேரம்தான், சுங்கை குளுவாங் பக்கம். ஆனா அங்க மரக்கிளைல சுருண்டு கிடக்குறது வாக்லர் விரியன், இந்த ஊர் மழைக்காட்டுப் பாம்பு. ஊதுபத்திப் புகைல மயங்கிக் கிடக்குதுன்னு ஊரே சொல்லும், உண்மைல அதோட வேலையே அசையாம உக்காந்து இரை தானா வர்ற வரைக்கும் காத்திருக்குறதுதான், வயிறு ஒரு தடவ நிறைஞ்சா நாள் கணக்குல அப்படியே கிடக்கும். என்கிட்ட இருக்குறது வட அமெரிக்காவுல இருக்குற கார்ட்டர் பாம்பு, அந்த ஊர்ப் பாம்ப இங்க வெளில விட்டா இதுவும் சாகும், இல்ல நம்ம ஊர் தவளைக்கு கேடு, ரெண்டுமே தப்பு. அது சாப்பாட்ட ஏன் நிறுத்துச்சு, குளிர்ல வெச்சா சரியாகும்ன்னு ஏன் சொல்றாங்க, குளிரே இல்லாத ஊர்ல உக்காந்துகிட்டு அத எப்படிச் செய்யுறதுன்னு தெரிஞ்சுக்க ரெண்டு வாரமா மண்டைய உடைச்சேன். அதத்தான் எழுதுறேன்.

முதல்ல ஆள் யாருன்னு பாத்துருவோம். கார்ட்டர்னா அந்தக் காலத்துல காலுறை இறங்காம இருக்க முழங்காலுக்குக் கீழ கட்டுற பட்டை, பாம்பு முதுகுல நீளமா ஓடுற கோடு அது மாதிரி இருக்குன்னு வெச்ச பேரு. சொந்தபந்தம் பாத்தா நம்ம ஊர் வயல்ல ஓடுற தண்ணிப்பாம்பு, நீர்க்கோலின்னு சொல்வாங்களே, அந்தக் குடும்பம்தான். முட்டை போடாது, உயிரோட குட்டி போடும், கோடை கடைசில ஒரு ஈத்துக்கு பத்துலேர்ந்து நாப்பது குட்டி வரைக்கும் சாதாரணம். பொறந்த குட்டி ரெண்டு கிராம் பக்கம்தான் இருக்கும், ஒரு பென்சில் நீளம். மண்புழு, தவளை, சின்ன மீன்னு பகல் முழுக்க அலைஞ்சு திரிஞ்சு தின்னுற ஜாதி, அதனால செரிமானமும் வேகம், குட்டிக்கு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ தீனி வேணும். பால் பைத்தான்னு (Ball python) ஒரு மலைப்பாம்பு வளக்குற நண்பர் ஒருத்தர் "என்னோடது நாலு மாசம் சாப்பிடல மச்சான், ஒண்ணும் ஆவல, நீ ஏன் பயப்படுற"ன்னாரு. அவரோடது ஒன்றரை கிலோ. என்னோடது ஒன்பது கிராம். லாரி டேங்க்கும் மோட்டார்சைக்கிள் டேங்க்கும் ஒண்ணா?

இப்ப இதோட சொந்த ஊருக்குப் போவோம். கனடாவுல மானிட்டோபா மாநிலத்துல நார்சிஸ்னு ஒரு இடம், சுண்ணாம்புக்கல் பாறை, நிலத்துக்குள்ள குழிகுழியா வெடிப்பு. செப்டம்பர் மாசம் ஆனா சுத்துவட்டாரத்து கார்ட்டர் பாம்பெல்லாம், ஆயிரக்கணக்குல, அந்தக் குழிகளுக்கு வந்து இறங்கிடும், வெளில மைனஸ் 30 போனாலும் மண்ணு உறையாத ஆழத்துல எட்டு மாசம் பக்கம் கிடக்கும், ஏப்ரல் கடைசில வெளில வரும். முதல்ல ஆண் பாம்புங்க வந்து வாசல்லயே காத்துகிட்டு இருக்கும், பொண்ணு ஒண்ணு தலையக் காட்டுனா போதும், நூறு மாப்பிள்ளை மேல விழுந்து நூல்கண்டு மாதிரி சுத்திக்கும். அதப் பாக்கவே டூரிஸ்ட்டுங்க வர்றாங்க. அங்க வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவங்க கண்டுபிடிச்சது ஒண்ணு, ஆண் பாம்புக்கு அந்த நீளமான குளிர் படலன்னா அதுக்கப்புறம் வர்ற வெயில்ல காதலே வராதாம். அதாவது குளிர் அதுக்கு ஒரு கஷ்டகாலம் மட்டும் இல்ல, உடம்போட கடிகாரத்துக்கு சாவி குடுக்குற வேலையும் குளிரோடதுதான்.

அதுக்காக குளிர் என்னமோ அம்மா மடின்னு நெனைச்சுராதீங்க. 1999ல குளிர் முந்திகிட்டு கடுமையா வந்து, ஆழத்துக்கு இறங்க முடியாம போன பாம்பு அங்க பத்தாயிரக்கணக்குல செத்துருக்கு.

அந்தப் பெரிய குழில முதல் வருஷக் குட்டிங்கள பாக்குறது அரிது. குட்டிங்க வேற எங்கயோ ஒதுங்குது, எறும்புப் புத்துக்குள்ளெல்லாம் கண்டுபிடிச்சிருக்காங்க. ஆகஸ்ட்ல பொறந்த குட்டிக்கு முன்னாடி ஆறு, ஏழு வாரம்தான் இருக்கு, அதுக்குள்ள தின்னு கொழுப்பு சேத்துட்டு, வயித்த காலி பண்ணிட்டு, கீழ போயிடணும். வயித்துல தீனியோட குளிர்ல மாட்டுனா செரிக்காது, உள்ளயே அழுகும், பாம்பு செத்துப்போகும். அதனால குளிர் வந்த பெறகு சாப்பாட்ட நிறுத்துறது லேட்டு, வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும். இப்படி முன்னாடியே நிறுத்துன வம்சம்தான் தப்பிச்சு இன்னிக்கு வரைக்கும் வந்திருக்கு. வீட்ல கூண்டுக்குள்ள 28 டிகிரி சூட்டுல சொகுசா இருந்தாலும் சில குட்டிங்க அக்டோபர், நவம்பர் ஆனா திடீர்னு "எனக்கு வேணாம்"னு முகத்த திருப்பிக்குறதுக்கு வளக்குறவங்க சொல்ற காரணம் இதுதான், ரத்தத்துல ஓடுற காலண்டர். அங்க பகல் ஜூன்ல பதினாறு மணி நேரம், டிசம்பர்ல எட்டு மணி நேரம். பினாங்குல வருஷம் முழுக்க பாத்தாலும் அந்த வித்தியாசம் ஒரு நாற்பது நிமிஷம்கூட வராது. வெளில எந்தத் தகவலும் வராட்டியும் காலண்டர் கிழிஞ்சுகிட்டுதான் இருக்கு போல.

ஆனா எல்லா கார்ட்டருக்கும் இந்தக் காலண்டர் ஒரே மாதிரி இல்ல. தெற்கு ஃபுளோரிடாவுல இருக்குற அதே இனம் வருஷம் முழுக்க சுத்துது. செக்கர்ட் கார்ட்டர்னு கட்டம் போட்ட இனம், டெக்சாஸ்லேர்ந்து கோஸ்டா ரிகா வரைக்கும் இருக்குறது, அதுக்கு கனடாக் குளிர்ல என்ன வேலை. வடக்குப் பக்கத்து ஈஸ்டர்ன், பிளெய்ன்ஸ், ரெட் சைடட்னு சொல்ற கார்ட்டர் வகைங்க, இதுங்கதான் வடக்கத்தி ஆளுங்க. அதனால விக்கிறவர்கிட்ட கலர் என்ன, விலை என்னன்னு கேக்குறதுக்கு முன்னாடி இது எந்த இனம், எந்தப் பக்கத்து வம்சம்னு கேளுங்க. பெர்ஹிலித்தான்ல, அதான் வனவிலங்கு இலாகாவுல, லைசென்ஸ் விஷயத்தையும் முன்னாடியே கேட்டுருங்க, தீபகற்ப மலேசியாவுல 2010ம் வருஷத்து வனவிலங்கு சட்டம் 716 இருக்கு, வாங்கிட்டு அப்புறம் முழிக்காதீங்க.

சரி, பாம்பு சாப்பிடல, மாசம் நவம்பர், அப்ப குளிர்கால உறக்கம்தான்னு உடனே முடிவு கட்டலாமா? கூடாது. நான் அப்படித்தான் கட்டுனேன், தப்பு. நம்ம ஊர்ல பத்துல எட்டு தடவ காரணம் காலண்டரே இல்ல, சூடுன்னுதான் எனக்குத் தோணுது. கார்ட்டருக்கு சூடான பக்கம் 28லேர்ந்து 30, குளிர்ச்சியான பக்கம் 22, 24ன்னு இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல அது போய் வந்துகிட்டு இருக்கணும். ஆயர் ஈத்தாம்ல பதினோராவது மாடி ஃபிளாட், மேக்க பாத்த ஜன்னல், மத்தியானம் மூணு மணிக்கு ரூமே 32. அதுக்கு மேல அமெரிக்காக்காரன் வீடியோவ பாத்துட்டு நான் கூண்டுக்கு சூடு குடுக்குற ஹீட் மேட் வேற போட்டு வெச்சிருந்தேன்! அது கூண்டுல எந்த மூலைக்குப் போனாலும் தப்பிக்க எடமில்ல. ஹீட் மேட்ட கழட்டி, கூண்ட தரையோட தரையா ஓரமா வெச்சு, ஈரப்பாசி போட்ட ஒளியுற டப்பா ஒண்ணு வெச்ச பெறகு மதியத்துல கண்ணாடில முட்டிகிட்டு அலையுறது நின்னுச்சு. சாப்பாடு மட்டும் வரல.

அடுத்தது சட்டை உரிக்கிற நேரமான்னு பாக்கணும், கண்ணு பால் மாதிரி மங்கியிருந்தா அந்த ஒரு வாரம் சாப்பிடாது, விட்டுருங்க. புதுசா வீட்டுக்கு வந்ததா, தினமும் தூக்கித் தூக்கி விளையாடுறோமா, அதுவும் ஒரு காரணம்.

தீனில இங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். உரம் போட வளக்குற செம்புழு இருக்கே, தொட்டா மஞ்சளா நாத்தத் தண்ணி விடுமே, அது கார்ட்டருக்கு விஷம், சில சமயம் ஆளையே முடிச்சிடும். தூண்டிலுக்கு விக்கிற புழு என்ன ஜாதின்னு தெரியாம போடாதீங்க. கோல்ட்ஃபிஷ் சின்னதா மலிவா கிடைக்குதேன்னு போடுவாங்க, அந்த மீன்ல தையமினேஸ்னு ஒரு சரக்கு, வைட்டமின் பி1ஐ அழிச்சிடும், அதையே தொடர்ந்து குடுத்தா பாம்புக்கு வலிப்பு வர்றமாதிரி உடம்பு முறுக்கிக்கும். ஃப்ரீசர்ல வெச்சாலும் அது போகாது, நல்லா சூடு காட்டுனாத்தான் போகும். பசார்ல வாங்குற திலாப்பியாவுல அந்தப் பிரச்சனை இல்ல, முள்ளு எடுத்து நூல் மாதிரி கிழிச்சு போடலாம். லோங்காங்ல, அதான் சாக்கடைல, கப்பி மீன் பிடிச்சு போட்டா காசு மிச்சம்னு நினைக்கிறவங்களுக்கு, அந்த லோங்காங்ல வேற என்னென்ன ஓடுதுன்னு ஒரு தடவ எட்டிப் பாருங்க.

நான் திலாப்பியா மேல மண்புழு தேச்சு வாசனை ஏத்திப் பாத்தேன், புழுவ துண்டாக்கிப் பாத்தேன், ராத்திரி வெளிச்சம் இல்லாம டப்பாவோட விட்டுட்டு காலைல பாத்தேன், ம்ஹூம். உண்மைய சொல்லணும்னா நெறைய குட்டிங்க இந்த மாதிரி வித்தைலயே வழிக்கு வந்துரும், குளிர் வரைக்கும் போகத் தேவையே இருக்காது. என்னோடது அடம்.

இதுக்கு நடுவுல வந்த அறிவுரைதான் எனக்கு இத எழுதணும்னு தோண வெச்சதே. "ஏர்கான் ரூம்ல ரெண்டு மாசம் போடு, அதுதான் நம்ம ஊர் விண்டர்" அப்படின்னு ஒருத்தர். "கொடிமலை மேல என் மாமா வேல செய்யுறாரு, அங்க விட்டு வெக்கலாம்" அப்படின்னு இன்னொருத்தர், கொடிமலைன்னா பினாங்கு ஹில். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா குட்டிப் பாம்ப நோகாம கொல்லுறதுக்கு இதவிட நல்ல வழி இல்ல. ஏன்னு கொஞ்சம் கணக்கு போட்டுக் காட்டுறேன்.

பாம்புக்கு உடம்புக்குள்ள அடுப்பு கிடையாது, வெளிச்சூடு எவ்வளவோ அதுக்கேத்த வேகத்துலதான் உடம்பு ஓடும். பொதுவா பத்து டிகிரி குறைஞ்சா உடம்போட செலவு பாதியாவோ மூணுல ஒண்ணாவோ குறையும். 28லேர்ந்து 8 டிகிரிக்கு இறக்குனா ரெண்டு படி, அப்ப செலவு நாலுல ஒண்ணுலேர்ந்து ஒன்பதுல ஒண்ணு. ஒரு மாசத்துக்கு காணுற கொழுப்பு நாலு மாசத்துக்கு மேல காணும். சாப்பிட மாட்டேங்குற குட்டிய சூட்லயே வெச்சிருந்தா அது முழுச் செலவுல ஓடிகிட்டு இருக்கு, வரவு பூஜ்யம், கையிருப்பு கரையுது. அத நல்லா குளிர வெச்சா வரவு அதே பூஜ்யம்தான், ஆனா செலவும் கிட்டத்தட்ட நின்னுருது. புருமேஷன்னு சொல்றது இதத்தான். இந்த வார்த்தையே 1965ல வில்பர் மேஹ்யூன்னு ஒரு ஆராய்ச்சியாளர் உண்டாக்குனது, கரடி, அணிலோட குளிர்கால உறக்கத்துலேர்ந்து ஊர்வனவோடத பிரிச்சுக் காட்டுறதுக்கு. பாம்பு அந்தக் காலத்துல ஒரேயடியா தூங்காது, மெதுவா நகரும், எடம் மாறும், எழுந்து தண்ணி குடிக்கும்.

இப்ப ஏர்கான் ரூமுக்கு வாங்க. ரிமோட்ல 16 போட்டாலும் நம்ம ஊர்ல ரூம் 20க்கு கீழ இறங்குறதே பெரும்பாடு. கொடிமலை உச்சி 833 மீட்டர், ராத்திரில அங்கயும் 20 பக்கம்தான். கேமரன் மலையே 15, 16தான் காட்டும். பத்து டிகிரி வேணும்னா கினபாலு மலை ஏறணும் போல. 20 டிகிரில என்ன ஆகுதுன்னா செலவு பாதிதான் குறையுது, ஆனா பசி சுத்தமா போயிடுது, அப்படியே தின்னாலும் ஒழுங்கா செரிக்காது, நோய எதிர்க்குற சக்தியும் மந்தமாகிடுது, அதே நேரம் கிருமிங்களுக்கு 20 டிகிரி நல்லா வசதியான சூடு. முழுச் சூடும் இல்ல, முழுக் குளிரும் இல்ல, ரெண்டுங்கெட்டான். ஒரு நாள் ரெண்டு நாள் ஒண்ணும் பண்ணாது, மாசக்கணக்குல வெச்சா மூச்சுக்குழாய்ல சளி கட்டி, எடை எறங்கி, "நான்தான் விண்டர் குடுத்தேனே, எப்படி செத்துச்சு"ன்னு கேக்க வேண்டியதுதான். பதினாலு, பதினஞ்சுலேர்ந்து இருபத்திரெண்டு வரைக்கும் உள்ள அந்த இடைவெளி கடந்து போறதுக்கான பாலம், குடியிருக்குற எடம் இல்ல.

அப்ப 8லேர்ந்து 10 டிகிரிய எங்கேர்ந்து கொண்டாறது? ஐஸ்பெட்டி. குளிர் நாட்டுக்காரங்களே நெறைய பேரு அதத்தான் பண்ணுறாங்க. நான் வாயத் தொறந்ததுதான் தாமதம், அம்மா "என் ஐஸ்பெட்டில பாம்பா? தயிரு, மாவு, சாமி பூ எல்லாம் வெக்கிற எடத்துலயா? நீயும் சேந்து வெளில போ"ன்னுட்டாங்க. யோசிச்சா அவங்க சொல்றதும் நியாயம், ஊர்வன உடம்புல சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், சாப்பாடு இருக்குற எடத்துல வெக்கக்கூடாது. அதோட சாதாரண ஐஸ்பெட்டி 4 டிகிரி, பின்பக்க சுவரோரம் இன்னும் கீழ போகும், கதவு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தொறந்து மூடும். குட்டிக்கு அது ரிஸ்க்.

அதனால வைன் பாட்டில குளிர வெக்கிற குட்டி ஐஸ்பெட்டி, வைன் சில்லர்னு சொல்வாங்க, பழசு ஒண்ணு தேடி வாங்குனேன், நூத்தம்பது வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு. கதவுல 10னு டிஸ்பிளே காட்டுச்சு, சந்தோஷமா இருந்துச்சு, நல்ல காலம் பாம்ப வெக்கிறதுக்கு முன்னாடி தனியா ஒரு தெர்மோமீட்டர உள்ள போட்டு பாத்தேன், 15. விஷயம் என்னன்னா அந்த மாதிரி சின்ன சில்லர்ல கம்ப்ரசர் கிடையாது, ஒரு எலக்ட்ரிக் தகடுதான் குளிர் குடுக்கும், அதால வெளிச்சூட்டுலேர்ந்து ஒரு பதினஞ்சு, பதினேழு டிகிரி இறக்க முடியும், அவ்வளவுதான். ஐரோப்பாவுல ரூம் 20, அங்க அது ஜோரா வேலை செய்யும். எங்க சமையக்கட்டு 32. கணக்கு அங்கயே இடிக்குது. அத மறுபடி வித்துட்டு கம்ப்ரசர் வெச்சது ஒண்ணு வாங்க இன்னும் நூறு வெள்ளி எறங்குச்சு. நம்ம ஊர்ல யாராச்சும் வாங்குறதா இருந்தா பின்னாடி கம்ப்ரசர் இருக்கான்னு தடவிப் பாத்துட்டு வாங்குங்க, ஒரு வாரம் காலியா ஓட விட்டு தெர்மோமீட்டர் வெச்சுப் பாருங்க.

அந்த ஒரு வாரத்துல வெட்கிட்ட, அதான் மிருக டாக்டர்கிட்ட, போயிட்டு வந்தேன். பாம்பு பாக்குற வெட் எல்லா கிளினிக்லயும் இருக்க மாட்டாங்க, முன்னாடியே போன் போட்டு கேட்டுக்கணும். பழைய பீ ஒண்ணு ஃபிரீசர்ல வைக்காம ஈரமா டப்பால வெச்சிருந்தேன், மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு வயித்துப் பூச்சி இல்லன்னாங்க, வாயத் தொறந்து பாத்தாங்க, மூச்சு கேட்டாங்க. இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, குளிர்ல பாம்போட எதிர்ப்பு சக்தி படுத்துடும், உள்ள பூச்சியோ சளியோ வாய்ப்புண்ணோ இருந்தா அதோட சேத்து குளிர்ல போடுறது பொணப்பெட்டில போடுற மாதிரி. முதுகெலும்பு கூரா தெரியுற அளவுக்கு ஒல்லியானது, போன மாசம்தான் விமானத்துல வந்து எறங்குனது, தின்னத கக்குறது, இதுங்களுக்கெல்லாம் குளிர் கிடையாது, சூட்லயே வெச்சு வைத்தியம்தான். காசப் பாக்காதீங்க, வெட் செலவு ஒரு புது பாம்போட வெலையவிட கம்மிதான்னு நான் சொல்ல மாட்டேன், சில சமயம் கூடவே வரும், இருந்தாலும்.

என்னோடது 8.4 கிராம், முதுகு இன்னும் உருண்டையா இருந்துச்சு. கடைசித் தீனிக்கு அப்புறம் சூட்ல ரெண்டு வாரம் வயிறு காலியாகணும்ங்கறது விதி, அது தானாவே அஞ்சு வாரமா விரதம், அதனால அந்த வேலை மிச்சம். கூண்டு 26க்கு நாலு நாள், ஏர்கான் ரூம்ல மூணு நாள், சில்லர்ல 15ல ரெண்டு நாள், அப்புறம் தினம் ஒண்ணு ரெண்டா இறக்கி 9. டப்பா சின்னது, காத்துக்கு ஓட்டை, உள்ள ஈரம் பிழிஞ்ச பாசி, குட்டியூண்டு தண்ணிக் கிண்ணம். சில்லர் காத்து வறண்டது, குளிர்ல வெச்ச பாம்பு பசியவிட தாகத்துலதான் சாகும்ன்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, பாசி காயக்கூடாது, சொதசொதன்னும் இருக்கக்கூடாது. இருட்டு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா கதவத் தொறந்து கொஞ்சம் காத்து மாத்தி விடுறது.

பெரிய பாம்புக்கு மூணு, நாலு மாசம் குடுப்பாங்க, முதல் வருஷக் குட்டிக்கு ஆறு, ஏழு வாரம் போதும்னு நான் வெச்சுகிட்டேன். குட்டிக்கு முதல் வருஷம் குளிரே குடுக்காதீங்கன்னு சொல்றவங்களும் உண்டு, நல்லா தின்னுகிட்டு இருக்குற குட்டின்னா நானும் அந்தக் கட்சிதான்.

வாரம் ஒரு தடவ, ஞாயித்துக்கிழமை காலைல, தராசு. பத்து சதவீதம் எறங்குனா நிறுத்திடணும்னு ஒரு கோடு போட்டு வெச்சிருந்தேன், என் கணக்குக்கு 7.6. மூக்குல குமிழி வந்தாலோ, வாயத் தொறந்து மூச்சு விட்டாலோ, 9 டிகிரிலயும் அடங்காம டப்பாவ சுத்திகிட்டே இருந்தாலோ அப்பவே வெளில எடுத்துடணும்னும். முதல் வாரம் 8.4. ரெண்டாவது வாரமும் 8.4, நான் தராசு கெட்டுப்போச்சுன்னு பேட்டரி மாத்திப் பாத்தேன். மூணாவது வாரம் 8.3. சூட்ல இருந்தப்ப வாரத்துக்கு 0.2 கிராம் கரைஞ்சுகிட்டு இருந்த உடம்பு இது! ஏழு வாரம் முடிஞ்சப்ப 8.1, வாரத்துக்கு 0.04 பக்கம், அஞ்சுல ஒரு பங்கு. மேல நாலுல ஒண்ணுலேர்ந்து ஒன்பதுல ஒண்ணுன்னு போட்ட கணக்குக்குள்ளயே வந்து விழுந்துச்சு, ஒரு பாம்ப வெச்சு சட்டம் எழுத முடியாதுதான், ஆனாலும் எனக்கு அன்னிக்கு ரொம்ப குஷி.

நடுவுல ஒரு நாள் மட்டும் வயித்துல புளியக் கரைச்சுது. டிசம்பர்ல மழையோட மழையா பிளாக் முழுக்க கரண்ட் போயி நாலு மணி நேரம் வரல. சில்லர் கதவத் தொறக்காம, மேல போர்வையப் போட்டு மூடி, உள்ள முன்னாடியே வெச்சிருந்த ரெண்டு தண்ணி பாட்டில் குளிரப் பிடிச்சு வெச்சுக்க, 9லேர்ந்து 12 வரைக்கும்தான் ஏறுச்சு. அந்த பாட்டில் ஐடியா மட்டும் இல்லன்னா 20க்கு போயிருக்கும்.

ஜனவரி ரெண்டாவது வாரம் வெளில எடுத்தேன். எடுக்குறதும் படிப்படிதான், ஆனா இறக்குனத விட வேகமா, அந்த ரெண்டுங்கெட்டான் சூட்ல ரொம்ப நாள் நிக்கக்கூடாது. 15ல ஒரு நாள், ஏர்கான் ரூம்ல ஒரு நாள், மூணாவது நாள் கூண்டு. வந்ததும் வராததுமா தண்ணிக் கிண்ணத்துல தலைய முக்கி எவ்வளவு நேரம் குடிச்சுச்சு தெரியுமா, நான் வாட்ச் பாத்தேன், ரெண்டு நிமிஷத்துக்கு மேல. தீனிய உடனே போடல. குடல் மறுபடி ஓட ஆரம்பிக்கணும், நாலு நாள் 28ல விட்டுட்டு அப்புறம்தான் மண்புழு ஒரு சின்னத் துண்டு, ஒரு சென்ட்டிமீட்டர்கூட இருக்காது. நாக்க நீட்டி நீட்டி மோந்துச்சு. திரும்பிப் போச்சு. எனக்கு போச்சுடான்னு இருந்துச்சு, வெளக்க அணைச்சுட்டு வந்துட்டேன். அரை மணி நேரம் கழிச்சு எட்டிப் பாத்தா துண்டக் காணோம். பாசிய எல்லாம் கிளறிப் பாத்தேன், டப்பாவத் தூக்கிப் பாத்தேன், இல்ல, உள்ளதான் போயிருக்கு. அடுத்த நாள் சாயங்காலம் நான் கூண்டு கதவத் தொறந்த உடனே இடுக்கியப் பாத்து அதுவே ஓடி வந்துச்சு.

குளிர்தான் அத சாப்பிட வெச்சுதா, இல்ல பிப்ரவரி வந்தா தானாவே சாப்பிட்டுருக்குமா? என் ஒரு குட்டிய வெச்சு அத பிரிச்சு சொல்ல முடியாது. ஆனா பிப்ரவரி வரைக்கும் சூட்லயே வாரம் 0.2 கிராம் கரைஞ்சிருந்தா அது 7 கிராமுக்குக் கீழ போயிருக்கும், அந்த எலும்புக்கூட்ட எழுப்பி சாப்பிட வெக்கிறது வேற வேலை. குளிர் அதுக்கு மருந்தா இருந்துச்சோ என்னமோ, காத்திருக்க நேரம் வாங்கிக் குடுத்துச்சு.

தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி எடை போட்டப்ப 9.0. அன்னிக்கு ராத்திரி அம்மா வந்து அந்தக் குட்டி ஐஸ்பெட்டி இப்ப சும்மாதான இருக்கு, நல்லா டெட்டால் போட்டுக் கழுவிக் குடு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எடுத்துட்டு போற மல்லியப்பூவ அதுல வெக்கிறேன், பெரிய ஐஸ்பெட்டில வெச்சா கருத்துப் போகுதுன்னாங்க. மூணு தடவ கழுவுனேன், நாலாவது தடவ அவங்களே கழுவுனாங்க. 9 டிகிரில பூ ரெண்டு நாளும் வாடாம அப்படியே இருந்துச்சு. இப்ப அடுத்த நவம்பர்ல சில்லர் யாருக்குன்னு வீட்ல பேச்சு ஓடிகிட்டு இருக்கு.